மல்லிக்கு விதை கிடையாது

துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட், தோஹா, மனாமா, குவைத், தம்மாம், ரியாத் என்று எந்த ஊரில் இருந்தாலும், அடுக்குமாடி பால்கனியிலோ வில்லா வாசலிலோ லேபர் கேம்ப் சுவரோரத்திலோ ஒரு மல்லித் தொட்டியாவது வைத்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

இந்த மடலை செப்டம்பர் கடைசியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தெற்கு அடிவானத்தில் சுஹைல் நட்சத்திரம் தெரிய ஆரம்பித்தால் வெயில் இறங்கத் தொடங்கும் என்பது வளைகுடா மக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கணக்கு. நம்மூரில் அகத்திய நட்சத்திரம் என்கிறோமே, அதேதான். அது தெரிந்து ஐம்பது நாள் போல ஆனதும், அக்டோபர் பாதியில் வஸ்ம் பருவம் பிறக்கும். டிசம்பர் முதல் வாரம் வரை நீளும் அந்தப் பருவத்தில் மழை விழுந்தால்தான் பாலையில் புல் தலைகாட்டும், மண்ணுக்கடியில் ஃபகா காளான் திரளும். இந்த மண்ணில் எதையும் புதிதாக வேர்விட வைக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. அதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டு மல்லியிலிருந்து இந்த வருடம் புதுச் செடி எடுங்கள். எடுத்ததில் ஒன்றிரண்டையாவது வேறு கையில் கொடுங்கள்.

குண்டு மல்லியில் விதை பார்த்தவர்கள் நம்மில் யாராவது உண்டா? பூ உதிர்ந்த காம்பில் காய் பிடிப்பதே அபூர்வம். இதழ் அடுக்கடுக்காக இருக்கும் ரகங்களில் அதுவும் இல்லை. அப்படியென்றால் இன்று நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு மல்லியும் இன்னொரு மல்லியின் கிளைதான். அந்த மல்லி அதற்கு முந்தைய ஒன்றின் கிளை. யாரோ ஒருவர் ஒடித்துக் கொடுத்தார், இன்னொருவர் வாங்கி ஊன்றினார். இப்படியே கைமாறி வந்த செடி இது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் கதையும் இதுதான். தமிழ்நாட்டு மல்லித் தோட்டங்களுக்கு நாற்று அனுப்புவதில் பேர்போனது ராமேசுவரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடம். அங்கே கடலோர மணலில் குச்சி ஊன்றி, வேர் பிடிக்க வைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். மணலில் பிறந்து, செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் போய்ப் பூக்கிற செடி. ஆகையால் “இங்கே வெறும் மணல்தானே இருக்கு” என்று யாரும் மனம் தளர வேண்டாம். மணலால் மல்லிக்குத் தொல்லை இல்லை. இந்த மணலிலிருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் தொல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை விடுமுறை முடிந்து திரும்பும்போதும் பெட்டியில் செடி கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, துணிக்கு நடுவில் வைத்து. மனசு புரிகிறது. அம்மா வீட்டுக் கிணற்றடி மல்லி இங்கேயும் பூக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனாலும் வேண்டாம். வளைகுடா நாடுகள் எதிலும் முறையான இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடி கொண்டுவர முடியாது. சட்டம் அப்படி இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சிவப்புக் கூன்வண்டைத் தெரிந்திருக்கும். குருத்துக்குள் புழு குடைவது வெளியே தெரியாது. தெரிய வரும்போது மரம் சாய்ந்திருக்கும். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் சேர்ந்த அந்த வண்டு 1980களில் வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தது. பாதிப்பு இருந்த மரங்களையும் பக்கக் கன்றுகளையும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோனதில்தான் அது முக்கியமாகப் பரவியது. அன்று தொடங்கி இன்றுவரை பேரீச்சை விவசாயிகள் அதோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குச் சோறு போடுகிற மண்ணுக்கு நம் ஊர்ப் பூச்சி ஒன்றை நம் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வரக்கூடாது.

கொண்டுவர வேண்டிய தேவையும் இல்லை. மல்லி இங்கே ஏற்கெனவே இருக்கிறது, நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. அரபியில் ஃபுல் என்பார்கள். சவூதியின் தென்மேற்குக் கோடியிலிருக்கும் ஜிஸானில் ஃபுல் மாலை இல்லாமல் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் முடிவதில்லை. அங்கே தாழம்பூவும் சூடுவார்கள் என்பது நம்மூர்க்காரர்களுக்கு இனிக்கிற செய்தி. ஏமனில் லஹிஜ் ஃபுல்லுக்குப் பேர்போன ஊர். பிலிப்பீன்ஸ்காரர்களுக்கு இது சம்பாகித்தா, அவர்களுடைய தேசிய மலர். நர்சரிகளில் வேலை செய்யும் பாகிஸ்தான் சகோதரர்கள் மோத்தியா என்பார்கள். அபுதாபி மீனாவில் செடி விற்கும் கடைகளிலோ துபாய் வர்சான் நர்சரிகளிலோ இந்தப் பெயர்களில் எதைச் சொல்லிக் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று மட்டும் கவனம். வெள்ளைப் பூ இருந்தாலே மல்லி என்று நினைத்துவிடாதீர்கள். சாலையோர வேலியில் சிறு வெள்ளைப் பூவோடு அடர்ந்து நிற்பது பெரும்பாலும் சங்கங்குப்பி. மல்லியைப் போலவே அதிலும் இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், அதனால் இலையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

கடைச் செடியைவிட நான் பெரிதாக மதிப்பது நான்கைந்து கோடையைத் தாண்டி நிற்கும் பால்கனிச் செடியை. ஜூலை மாத அனல் காற்று, ஆகஸ்ட் மாதப் புழுக்கம், மாடித் தொட்டியில் கொதித்து இறங்கும் குழாய்த் தண்ணீர், வீட்டார் ஊருக்குப் போன வாரங்களில் குடித்தும் குடிக்காமலும் கிடந்த நாட்கள், எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. அதே தாக்குப்பிடிக்கும் குணம் கிளையிலும் வரும். விதையில்லாச் செடியில் உள்ள பெரிய நன்மை இதுதான்: தாய் எதுவோ பிள்ளையும் அச்சு அசலாக அதுவே. ஆகவே உங்களிடம் இல்லாவிட்டால், நன்றாகப் பூக்கும் செடி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து அவர்களிடம் கேளுங்கள். பூங்காவிலும் சாலையோரத்திலும் இருப்பதை ஒடிக்கக் கூடாது. அது பொதுச் சொத்து, அபராதமும் உண்டு. அங்கே வேலை செய்யும் தோட்டக்காரச் சகோதரரிடம் பேசிப் பாருங்கள். வளைகுடாவின் பச்சையில் பெரும்பங்கு நம் தேசத்து ஆட்களின் உழைப்பு. குச்சி ஊன்றுவதில் அவர்களுக்குத் தெரிந்த நுணுக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம்.

இப்போது, செப்டம்பர் கடைசியில், உங்கள் செடி களைத்துப்போய்த்தான் இருக்கும். இலை நுனி கருகி, பாதி மஞ்சளாகி, சில குச்சிகள் காய்ந்து நிற்கும். பசித்த செடியிலிருந்து எடுக்கும் குச்சியில் வேர் இறங்காது, ஏனென்றால் வேர்விடத் தேவையான சத்து அந்தக் குச்சிக்குள்ளேயே இருக்க வேண்டும். எனவே முதலில் தாயைத் தேற்றுங்கள். காய்ந்த குச்சிகளை வெட்டி எறியுங்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ போடுங்கள். அந்தி சாய்ந்த பிறகு, வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீரை அடிவரை இறங்கும்படி ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். அந்தத் துளிர் முற்றத் தொடங்கும் தருணம்தான் நமக்கு வேண்டியது.

தமிழ்நாட்டில் குண்டு மல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். புதுக் கிளையில்தான் மொட்டு கட்டும் என்பதால், நன்றாக வெட்டினால் மார்ச் தொடங்கிச் செடி நிறையப் பூக்கும். இங்கே நான் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொல்வேன். துபாய், ஷார்ஜா, தோஹா, மனாமா போன்ற கடலோர ஊர்களில் நவம்பர் முதல் பாதி. அல்ஐன், ரியாத், குவைத் என்று இரவுக் குளிர் கடுமையாக இறங்கும் இடங்களில் அக்டோபர் மூன்றாம் வாரம். வெட்டிய குச்சிகள் வேர்பிடிக்க இளஞ்சூடான இரவுகள் வேண்டும், ஜனவரிக் குளிர் வந்துவிட்டால் அவை அப்படியே உறங்கிவிடும். கவாத்தும் குச்சி நடவும் ஒரே நாள் வேலை. வெட்டிய கிளைகளைக் குப்பைப் பையில் கட்டி எறிகிறோமே, அதில் பத்து வீட்டுக்கான செடி போகிறது. சலாலாச் சொந்தங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அவ்வளவாகப் பொருந்தாது. கரீஃப் பருவத் தூறலும் தென்னையும் வாழையுமாக நம்மூர் போலவே இருக்கிற ஊர் அது. அவர்கள் எந்த மாதத்திலும் முயலலாம்.

குச்சி எப்படி இருக்க வேண்டும்? நுனித் துளிர் இளம்பச்சையாக, வளைத்தால் வளைந்துகொண்டே போகும். அது அழுகிவிடும். அடிக்கிளை பழுப்பேறி, பட்டை வெடித்து, கட்டையாக இருக்கும். அதில் வேர் வர மாதக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மங்கி லேசாகப் பழுப்புத் தட்டத் தொடங்கிய பகுதி ஒன்று உண்டு. கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் கொஞ்சம் வளைந்து, பிறகு ‘டக்’கென்று ஒடியும். அதுதான் குச்சி. பென்சிலைவிட மெலிதாக, மூன்று நான்கு கணுக்களோடு, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். மொட்டு வைத்த கிளை வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் மொட்டைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் இருக்கிற சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும்.

காலையில், செடி தண்ணீர் குடித்துத் தெம்பாக இருக்கும் நேரத்தில் வெட்டுங்கள். கத்தரியோ பிளேடோ எதுவானாலும் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும், வெட்டுக்கு முன் சானிடைசரால் துடைத்துவிடுங்கள். கீழ்வெட்டு கணுவுக்கு நேர் கீழே, சாய்வாக. வேர் பெரும்பாலும் அந்தக் கணுவைச் சுற்றித்தான் கிளம்பும். மேல்வெட்டு கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே, நேராக. கீழிரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். உச்சி ஜோடியை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள். வேரில்லாத குச்சிக்கு இலை வழியாகப் போகும் தண்ணீரை ஈடுகட்ட வழியில்லை என்பதற்காகத்தான் இது. இலையே இல்லாமலும் விடக்கூடாது, வேர் வளர அதுதான் உணவு தயாரித்துத் தருகிறது. வேர் ஊக்கித் தூள் தோட்டச் சாமான் கடைகளில் கிடைக்கும், டப்பாவில் ஐ.பி.ஏ. என்று போட்டிருக்கும். ஈரமான அடிநுனியை அதில் தொட்டு, தட்டி உதறிவிட்டு நடுங்கள். வேர் சீக்கிரமும் நிறையவும் வரும். கிடைக்கவில்லை என்று நிறுத்தாதீர்கள். தங்கச்சிமடத்து மணலில் விடுவது போலவே உங்கள் தொட்டியிலும் மல்லி தானாக வேர்விடும்.

நடுவதற்கு நர்சரி மண் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட்டும் சம அளவில் கலந்தால் போதும். கோகோபீட் என்ற பெயரில் இங்கே கட்டியாக விற்கும் நார்க்கழிவில் பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கும் உண்டு. நீங்கள் பொள்ளாச்சிக்காரராக இருந்தால் அது உங்கள் தென்னையாகக்கூட இருக்கலாம். அதை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். நாரில் உப்பு இருக்கும், இளவேரை அது சுட்டுவிடும். பெர்லைட் கிடைக்காவிட்டால் கழுவிய பருமணல் போதும். கடற்கரை மணலைத் தொடாதீர்கள். தயிர் டப்பா, காகிதக் குவளை எதுவானாலும் சரி, அடியில் நான்கு துளை போட்டு நிரப்புங்கள். ஒரு குச்சியால் குழி போட்டு, அதில் மல்லிக் குச்சியை இரண்டு கணு உள்ளே போகும்படி இறக்கி, சுற்றி அழுத்துங்கள். குச்சியை நேராகக் குத்தினால் அடியிலிருக்கும் தூள் உரிந்துவிடும்.

அடுத்தது ஈரக்காற்று. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, குவளைமேல் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்க வேண்டும். மதியத்தில் மூடியைத் திறந்து கொஞ்சம் காற்று விடுங்கள். வைக்கும் இடம் வெளிச்சமாக இருக்கட்டும், நேர் வெயில் படக்கூடாது. வடக்குப் பார்த்த பால்கனி உத்தமம். இன்னொன்று இங்கே மட்டுமே சொல்ல வேண்டியது: ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஊதும் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அனல் ஒரே பகலில் குச்சியைச் சருகாக்கிவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை மல்லிக்குத் தாராளமாக ஊற்றலாம். அதில் சுண்ணாம்போ உப்போ கிடையாது. கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் வேண்டாம் என்பேன். பெட்டிக்குள் சேரும் தூசியும் அழுக்கும் அந்த நீரில் கலந்திருக்கும், நாம் சாப்பிடுவதற்கு அது எதற்கு?

நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடுங்கிப் பார்க்கிற ஆவலை அடக்குங்கள், அதில்தான் பாதிச் செடிகள் சாகின்றன. குச்சியை இரு விரலால் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் வேர் இறங்கியிருக்கிறது. உச்சியில் துளிர் வந்ததை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், வேரில்லாத குச்சியும் உள்ளிருக்கும் சத்தால் ஒருமுறை துளிர்க்கும். இறுக்கமும் துளிரும் இரண்டும் இருந்தால், ஒரு வாரமாக பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிப் பழக்கி, பிறகு சிறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

இவ்வளவு பக்குவத்துக்கு நேரமில்லை என்பவர்களுக்குப் பதியன் இருக்கிறது. என்னைக் கேட்டால் வளைகுடாவுக்கு அதுவே முதல் வழி. தாய்த்தொட்டியை ஒட்டி இன்னொரு தொட்டியில் கலவை நிரப்பி வையுங்கள். தாயிலிருந்து தழைந்து கிடக்கும் நீளக் கிளை ஒன்றை அதன்மேல் வளையுங்கள். மண்ணைத் தொடும் இடத்தில், ஒரு கணுவுக்குக் கீழே, அடிப்பக்கத்துப் பட்டையை ஓர் அங்குல நீளத்துக்கு மெலிதாகச் சீவுங்கள். அந்த இடத்தை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, கம்பியை ‘ப’ போல வளைத்துக் குத்துங்கள் அல்லது ஒரு கல்லை ஏற்றி வையுங்கள். கிளையின் நுனி ஒரு சாண் வெளியே நிற்கட்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று மாதம் போல ஆனதும் வேர் திரண்டிருக்கும், தாய்ப்பக்கம் வெட்டிப் பிரித்துவிடலாம். அதுவரை தாய் ஊட்டிக்கொண்டே இருப்பதால் கிளை வாடாது. பாட்டில் மூடி, தூள் எதுவும் வேண்டாம். அக்டோபரில் போட்ட பதியன் பிப்ரவரிக்குள் தனிச் செடி. பேரீச்சையில் தாயடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை வேர்விடும்வரை தாயோடு விட்டுப் பிறகு பிரிக்கும் வழக்கம் அல்ஐன் சோலைகளில் காலங்காலமாக நடக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துச் சொந்தங்கள் அசேலியாவைப் பற்றிக் கேட்பதுண்டு. வீட்டு வாசலில் ரோஜா நிறத்தில் கொட்டிப் பூத்து நின்ற செடியை மறக்க முடியாதுதான். சோலைக்காட்டு ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசின் சொந்தக்காரச் செடி அது. அதற்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 6க்குள். இங்கே மண் 8ஐ ஒட்டி நிற்கிறது. அதன் மயிரிழை வேர்கள் மேல்மண்ணிலேயே கிடப்பதால் நம் கோடையில் ஒரு மதியம் தாங்காது. குளிர்காலத்தில் பூக்கடைகளில் அழகாக வரும் தொட்டி அசேலியா, பெரும்பாலும் ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் வளர்த்தது. பூ இருக்கும்வரை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், அதில் குச்சி எடுத்து இங்கே வளர்க்கும் முயற்சி வேண்டாம். ஆனால் கோத்தகிரியில் அம்மா இருந்தால், வாசல் செடியின் தாழ்ந்த கிளையை மேலே சொன்னபடி பதியன் போடச் சொல்லுங்கள். அசேலியாவுக்கும் அது கைகண்ட முறை, பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். அந்த நிறத்துக்கும் வடிவுக்கும் இங்கே ஆசைப்பட்டால் அடீனியம் வையுங்கள். ஓமானின் தோஃபார் மலைகளில் தானாக வளர்வது. குச்சியை வெட்டி, பால் உலரும்வரை சில நாள் நிழலில் போட்டுப் பிறகு ஊன்ற வேண்டும். அந்தப் பால் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

மல்லிக்கு வருவோம். சுண்ணாம்புத் தொல்லையைச் சொல்கிறேன் என்றேன். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அதுவும் இளந்துளிரில் முதலில் அப்படி வந்தால், இரும்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, சுண்ணாம்பு மண்ணில் அது வேர் உறிஞ்ச முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. இது தெரியாமல் தண்ணீரைக் கூட்டுகிறோம், யூரியா போடுகிறோம், செடி இன்னும் வெளுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள், நம்மூரிலும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். மண்ணில் இடுவதானால் இ.டி.டி.எச்.ஏ. என்று எழுதிய கீலேட் இரும்பு வாங்குங்கள், சுண்ணாம்பு மண்ணிலும் பூட்டிக்கொள்ளாமல் நிற்பது அதுதான். இளஞ்செடிக்கு அளவைப் பாதியாக்குங்கள்.

முதல் கோடைதான் கண்டம். வெளியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதிய ஓய்வு சட்டப்படி உண்டு. செடிக்கும் அதே தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் மதிய வெயில் படாத இடத்தில் வைத்து, உரத்தை நிறுத்தி, அதிகாலையும் அந்தியும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை வேகவைத்துவிடும். மண்தொட்டியோ வெள்ளைத் தொட்டியோ வாங்குங்கள், முடியாவிட்டால் பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி இடைவெளியில் மணல் நிரப்புங்கள். இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. வறண்ட வெக்கையில் வரும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையடியைக் கழுவினாலே பெருமளவு குறையும். தண்ணீர் கீழ்வீட்டு பால்கனியில் சொட்டாமல் அடித்தட்டு வைக்க மறக்காதீர்கள். புகார் வந்தால் முதலில் வெளியேறுவது செடிதான்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் யாரும் இங்கே நிரந்தரமில்லை. விசா கேன்சல் ஆகிறது, கம்பெனி மூடுகிறது, பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் திரும்புகிறது, வாடகை ஏறி வேறு எமிரேட்டுக்கு வீடு மாறுகிறோம். சோபாவும் ஃப்ரிட்ஜும் விற்கப்படும். பாத்திரம் கார்கோவில் போகும். மல்லியை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. கடைசி நாள் இரவில் அது லிஃப்ட் பக்கத்துக் குப்பை அறை வாசலில், மொட்டோடு நிற்கும். 2020 மே மாதம் வந்தே பாரத் விமானங்கள் புறப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் இரண்டு மூன்று நாள் அவகாசத்தில் கிளம்பின. அந்தக் கோடையில் பூட்டிய பால்கனிகளில் எத்தனை மல்லி காய்ந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அந்தச் செடிகளிலிருந்து ஆளுக்கு ஒரு கிளை முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தால் அவை இன்றும் இருந்திருக்கும்.

துபாய் மீனா பஜாரில் முழம் முழமாகத் தொங்கும் பூ, மதுரையிலும் சத்தியமங்கலத்திலும் விடியுமுன் பறித்து விமானம் ஏறி வந்தது. பண்டிகைக்கும் கோவிலுக்கும் அது வேண்டும், அதை நம்பி ஊரில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. வாங்குங்கள். ஆனால் அந்தியில் பால்கனிக் கதவைத் திறந்ததும் கைக்கெட்டும் மொட்டு அதில் கிடைக்காது. இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலருக்கு மல்லி என்றால் பிளாஸ்டிக் பையில் ஐஸ் மணக்க வரும் சரம்தான். மொட்டை எந்த நேரத்தில் பறிக்க வேண்டும், பறித்தது எப்போது விரியும் என்று அவர்கள் கையாலேயே தெரிந்துகொள்ள ஒரு தொட்டி போதும்.

ஆகவே சொந்தங்களே, மூன்று காரியம் செய்யுங்கள். இந்த வாரமே தாய்ச்செடிக்கு உரம் போடுங்கள். அக்டோபர் பாதியில் ஒரு பதியன், நவம்பரில் கவாத்தோடு ஒரு கைப்பிடிக் குச்சி. வேர்பிடித்ததும், எந்த ரகம், யார் வீட்டுத் தாய், எந்த மாதம் ஊன்றியது என்று தொட்டியில் மார்க்கரால் எழுதி இரண்டையாவது கொடுத்துவிடுங்கள். ஒன்று உங்கள் தளத்திலேயே யாருக்காவது, அவர் மலையாளியோ பிலிப்பீன்ஸ்காரரோ எமிராத்தியோ யாராகவும் இருக்கட்டும். இன்னொன்று சமீபத்தில் ஊரிலிருந்து வந்து, இன்னும் யாரோடும் பழகாத புதுக் குடும்பத்துக்கு. கேம்ப்பில் இருக்கும் தம்பிகள் யாராவது கேட்டால் அவர்களுக்கு முதலில் கொடுங்கள். ஊருக்கு மொத்தமாகக் கிளம்புகிறவர்கள், டிக்கெட் போட்ட அன்றே பக்கத்து வீட்டு மணியை அடித்துத் தாய்த்தொட்டியை ஒப்படைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஷார்ஜாவிலிருந்து உங்களில் ஒருத்தி